வானொலிப் பதிவேட்டில் களை எடுக்கும் முறை

வெளிமாநிலத்தில் குடியேறிய நம்மில் பலர், இரவு நேரத்தில் டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பிச் சென்னை வானொலியைப் பிடித்தவர்கள்தாம். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மறைய, மேலடுக்கு அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்புகிறது. பகலில் எட்டாத சென்னை இரவில் நாக்பூருக்கு எட்டுவது இதனால்தான்.

2016-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவும் ஸ்கேனரைக் கணிப்பொறியில் இணைத்து, நாக்பூரில் பல இரவுகள் மத்திய அலையைப் பதிவு செய்தேன். அண்மை ஆண்டுகளில் ஆகாசவாணி தன் மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவற்றை மூடிவிட்டது. அந்த இரவுகள் இனித் திரும்பமாட்டா. ஆகவே ஸ்கேனர் தந்த ஆயிரக்கணக்கான வரிகளை எக்செலில் ஒழுங்குபடுத்தினேன். இதுபோன்ற பதிவு வைத்திருக்கும் அன்பர்களுக்கு உதவுமென்று அந்த முறையைச் சொல்கிறேன்.

முதலில், மூலக் கோப்பை நகலெடுத்துத் தனியே வையுங்கள். அதைத் தொடவே கூடாது. சி.எஸ்.வி. கோப்பை நேரடியாகத் திறந்தால், 3/4 என்பதை ஏப்ரல் 3 என்பதற்குப் பதில் மார்ச் 4 என்று எக்செல் எடுத்துக்கொள்ளக் கூடும். தரவை உள்ளே கொண்டுவரும்போதே, நாள் முன்னா மாதம் முன்னா என்பதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

இரண்டாவது, அலைவரிசை. ஒரே நிலையம் 720000 என்று ஹெர்ட்ஸிலும், 0.720 என்று மெகாஹெர்ட்ஸிலும் வந்திருக்கும். புதிய பத்தி ஒன்றில் எல்லாவற்றையும் கிலோஹெர்ட்ஸாக மாற்றுங்கள். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் எண் பெரும்பாலும் எழுத்தாகவே பதிவானது. அதை எண்ணாக மாற்றாவிட்டால் கூட்டலிலும் சேராது, வரிசையிலும் நிற்காது.

மூன்றாவது, ஒன்பதால் வகுத்தல். 1975-இல் ஜெனீவாவில் வகுத்த திட்டப்படி, 1978 முதல் நம் பகுதியில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. சென்னையின் 720, திருச்சியின் 936, தூத்துக்குடியின் 1053 மூன்றும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். எக்செலில் மீதி காணும் சூத்திரத்துக்கு 'மாட்' என்று பெயர். மீதி வரும் வரிகள் பெரும்பாலும் மின்விசிறி ரெகுலேட்டர், சார்ஜர் போன்றவற்றின் இரைச்சல். அவற்றை அழிக்காமல் 'ஐயம்' என்று பக்கத்தில் குறியுங்கள். மீதி வராததெல்லாம் நிலையம் என்றும் கொள்ள வேண்டாம். ஒரே அலைவரிசையில் வேறு ஊர் நிலையமும் வரலாம். காதால் கேட்டு உறுதி செய்ததற்கு மட்டுமே பெயர் எழுதுங்கள்.

நான்காவது, நேரம். கருவி உலகப் பொது நேரத்தில் எழுதியிருந்தால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 14:30 என்பது நமக்கு இரவு 8 மணி. இதைக் கவனிக்காவிட்டால், பட்டப்பகலில் சென்னை கேட்டதாக ஏடு பொய் சொல்லும். எக்செலுக்கு ஒரு நாள் என்பது 1. ஆகவே 5.5-ஐ 24-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். நாளும் நேரமும் ஒரே கட்டத்தில் இருந்தால், 18:30-க்குப் பிறகு தேதியும் தானாகவே மாறிவிடும்.

ஐந்தாவது, இரட்டிப்பு. ஸ்கேனர் ஒரே நிலையத்தை ஒரு மணியில் பத்துமுறை எழுதும். மணிக்கு ஒரு வரி போதும், வலுவானதை வையுங்கள். டெசிபல் அளவு கழித்தல் குறியோடு வந்தால், −40 என்பதே −90-ஐவிட வலுவானது. குறியை விட்டுவிட்டால் முடிவு தலைகீழாகும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: வெற்றுக் கட்டத்தில் பூஜ்யம் இடாதீர்கள். கேட்டும் கிடைக்காத இரவு வேறு. மின்சாரம் போய்க் கருவி ஓடாத இரவு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், ஒலிபரப்பிய நிலையத்தை ஊமை என்று எழுதியவர்களாவோம்.

கருவியே இல்லாமல், பழைய நோட்டுப் புத்தகத்தில் கேட்டதைக் குறித்து வைத்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கலாம். நாள், நேரம், அலைவரிசை, கேட்டது என நான்கு பத்திகள் போட்டுப் பிள்ளைகளைக் கொண்டு தட்டச்சு செய்யுங்கள். தெளிவில்லாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி இடுங்கள். அந்தக் கேள்விக்குறியும் சேர்ந்ததுதான் உண்மையான பதிவு.