களைத்த உள்ளமும் கடன் சுமையும்

நெய்வேலியில் ஷிப்ட் முறையில் வேலை செய்வோர் அதிகம். எனவே ஞாயிறு காலைத் திருப்பலியில் ஒருவர் கண்ணயர்ந்தால் நான் கடிந்துகொள்வதில்லை. சில மாதங்களுக்கு முன், இரவுப் பணி முடித்து நேராகக் கோவிலுக்கு வந்திருந்த ஒரு செவிலியர், திருப்பலிக்குப்பின் என்னைச் சந்தித்தார். டிப்ளமோ முடித்துவிட்டு, தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிபவர்.

"ஃபாதர், நோயாளி கூப்பிட்டாலே இப்பல்லாம் எரிச்சலா வருது. வேலையை விட்டுட்டு மேல படிக்கலாம்னு பார்க்கிறேன். ஆனா ஏற்கெனவே நகைக்கடன் இருக்கு" என்றார்.

"படிப்பு நல்லதுதானேம்மா, படி. கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு என் மனம் உறுத்தியது. அறிவுரை சொன்னவன் நான். தவணை கட்டப்போவது அவர். மறுவாரம் அவரை அழைத்து, சேர்ந்து அமர்ந்து சிந்தித்தோம். அதே கேள்வி பல குடும்பங்களில் இருப்பதால், அவருடைய ஒப்புதலோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, இந்தக் களைப்பு பாவமும் அல்ல, சோம்பலும் அல்ல. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தது. பணியிடத்தில் நீண்டகாலம் தீராத அழுத்தத்தால் வருவது இது என்றது. சக்தி வற்றிப்போவது, வேலையின்மீது வெறுப்பும் விலகலும் தோன்றுவது, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம் வருவது ஆகியவை இதன் மூன்று அடையாளங்கள். நம் சகோதரியிடம் மூன்றும் இருந்தன. 'எனக்கு இரக்கமே போய்விட்டது' என்று அவர் தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார். போனது இரக்கம் அல்ல, உறக்கம்!

இரண்டாவது, இந்த நிலையில் பெரிய முடிவு எடுக்கலாமா? புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் தெளிவான விதி தருகிறார். உள்ளம் இருண்டு வறண்டிருக்கும் வேளையில், முன்பு அமைதியாக எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது. எலியாவையும் நினைத்துப் பாருங்கள் (1 அரசர்கள் 19). 'போதும் ஆண்டவரே' என்று சொல்லிச் செடியின் அடியில் படுத்தவருக்கு வானதூதர் புதிய பணியை உடனே கொடுக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார், உறங்கவும் விட்டார். இதுவே இரண்டு முறை நடந்தது. பயணம் அதற்குப் பின்னரே.

மூன்றாவது, படிப்பு எதற்காக? செவிலியரின் பாதுகாவலரான புனித கமில்லஸ் (1550–1614) நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. இளமையில் சூதாட்டத்தில் உடைமைகளை இழந்தவர் அவர். மனம் திரும்பியபின் உரோமை மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்குப் பணிசெய்தார். முப்பது வயதைக் கடந்தபின் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்று, 1584-இல் குருவானார். நோயாளிகளை விட்டு ஓட அவர் படிக்கவில்லை. அவர்களுக்கு மேலும் பயன்பட வேண்டும் என்றே படித்தார். குருத்துவத்திற்குத் தேவையான பொருளுதவியை உரோமைச் செல்வர் ஒருவர் அளித்தார் என்பதையும் மறக்கவேண்டாம். புனிதரின் அழைத்தலுக்கும் பணம் தேவைப்பட்டது!

நான்காவது, கணக்கு. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்கிறார் இயேசு (லூக்கா 14:28). நாங்களும் உட்கார்ந்தோம். டிப்ளமோ முடித்தவர் பட்டம் பெற, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டுகள். கட்டணமும் விடுதியும் 3 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால், இரண்டு ஆண்டுகளில் இழக்கும் ஊதியம் 3 இலட்சத்து 60 ஆயிரம். ஆக, படிப்பின் உண்மையான விலை 6 இலட்சத்து 60 ஆயிரம்! பலரும் கட்டணத்தை மட்டுமே எண்ணுகிறார்கள்.

அந்த 3 இலட்சத்தை 11 விழுக்காடு வட்டியில், ஏழு ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 5,140 ரூபாய். கல்விக் கடனில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். எனவே கேட்கவேண்டிய கேள்வி இது: பட்டத்தால் கிடைக்கும் ஊதிய உயர்வு இந்தத் தவணையைத் தாங்குமா? எந்த வேலைக்கு அந்தப் பட்டம் தேவை, அங்கே என்ன சம்பளம் என்று முன்னரே விசாரிக்கவேண்டும். கல்லூரிக்கு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்பதையும் பார்க்கவேண்டும். கந்துவட்டிக்கு வாங்கிப் படிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது, எல்லாச் சுமையையும் செவிலியரின் தோளிலேயே வைக்கக்கூடாது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின்படி நடுவண் அரசு அமைத்த குழு, 2016-இல் தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம்பற்றிப் பரிந்துரை செய்தது. 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. இதைவிடக் குறைவாகப் பெறுகிறவரிடம் 'பொறுமையாக இரும்மா' என்று மட்டும் சொல்வது நீதியாகாது. வீட்டிலும் பாருங்கள். தம்பியின் கட்டணம், தங்கையின் திருமணம் எல்லாம் இவருடைய சம்பளத்தில்தான். இவருடைய படிப்புக்கு மட்டும் 'இப்போது எதற்கு?' என்ற கேள்வி வருகிறது.

நம் ஊர்ச் சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் கரியை வெட்டமுடியாது. உள்ளமும் அப்படித்தான். அழுத்தம் குறையட்டும், பிறகு தோண்டலாம்.

நம் சகோதரி உடனே வேலையை விடவில்லை, படிப்பையும் கைவிடவில்லை. சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துத் தாய்வீட்டில் மூன்று வாரம் ஓய்வெடுத்தார். தொடர் இரவுப் பணியைக் குறைக்கும்படி மேற்பார்வையாளரிடம் துணிந்து கேட்டார், ஓரளவு கிடைத்தது. தம்பி இப்போது தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறான். நகைக்கடன் அடைபட ஓராண்டு ஆகும். அதன்பின்னும் படிக்கும் ஆசை அமைதியாக நிலைத்திருந்தால், விண்ணப்பிப்பது என்று தீர்மானித்திருக்கிறார்.

அந்த ஆசை நிலைக்குமா? எனக்குத் தெரியாது. ஆனால் அவர் இப்போது எடுக்கப்போகும் முடிவு களைப்பின் முடிவாக இருக்காது. உங்கள் வீட்டிலோ அன்பியத்திலோ ஒரு செவிலியர் இருந்தால், 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று இந்த வாரம் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.