காலண்டரில் செஞ்சிக் கோட்டை: மையும் நேரமும் மிச்சமாக ஒரு வழி

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாவது வழக்கம். நம் கடைகளில் ஆர்டர் பேச்சும் அதையொட்டித்தான் தொடங்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை இடம் பெற்றது. ஆகவே சாமி படத்துக்குப் பதில் ராஜகிரி படம் போடலாமே என்று செஞ்சி வணிகர்களுக்குத் தோன்றுவது இயல்பே.

போடலாம். ஆனால் ராஜகிரி அச்சுக்கு எளிதில் பிடிபடாத மலை. மலையும் மதிலும் கருங்கல்; எங்கும் சாம்பல் நிறம். ஆப்செட்டில் நடுத்தரச் சாம்பல் நிறம் வர நீலம் 50, சிவப்பு 40, மஞ்சள் 40 சதவீதம் அளவில் மூன்று மைகள் சேர வேண்டும். மெஷின் ஓடும்போது சிவப்பு சற்றுக் கூடினால் மலை செம்மண் மேடாகிவிடும். குறைந்தால் பாசி படிந்ததுபோல் பச்சையடிக்கும். நிறம் சரியாகும் வரை தாள்கள் கழிவுதான். மை கனத்தால் காயவும் தாமதமாகும். மேலே அடுக்கிய தாளின் முதுகில் ஒட்டும்.

மூன்று மைகள் சேர்ந்து தரும் சாம்பலைக் கறுப்பு மை ஒன்றே தந்துவிடும், அதுவும் பாதிக்கும் குறைவான மையில். கம்ப்யூட்டரில் வண்ணம் பிரிக்கும்போதே இப்படி மாற்றுவதை அச்சகத்தார் 'ஜி.சி.ஆர்.' என்பார்கள். கறுப்பு நிறம் மாறாது. எனவே முதல் தாளும் கடைசித் தாளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நான்கு மைகளும் முழுதாக விழுந்தால் 400 சதவீதம். ஆர்ட் பேப்பர் சுமார் 300 வரைதான் தாங்கும். அந்த வரம்புக்குள் நிற்கவும் இது உதவும்.

அளவு மிஞ்சக் கூடாது. கறுப்பு அதிகமானால் ஆகாயம் அழுக்காகும், முகங்கள் கருகும். மலைக்கு நடுத்தரமாகவும், மகாலட்சுமி படத்துக்குக் குறைவாகவும் வைக்கச் சொல்லுங்கள். பிளேட் போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

மிச்சமாகும் மை அச்சகத்தாருக்குத்தான் லாபம், ஒப்புக்கொள்கிறேன். நமக்கு லாபம் வேறு: சரக்கு நாள் தவறாமல் வரும், நம் கடைப் பெயர் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஓராண்டு மங்கிய படத்தின் கீழ் தொங்காது.

வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தைக் கொடுக்காதீர்கள். கேமராவிலிருந்து நேரே எடுத்த கோப்பைக் கொடுங்கள். அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. புரூப்பைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

தனிப் படத்துக்குப் பிளேட் செலவு உண்டு. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே படத்தை அச்சிட்டு, கடைப் பெயரை மட்டும் பின்னர் ஒற்றை நிறத்தில் தனித்தனியே போட்டுக்கொண்டால் அந்தச் செலவு பத்தில் ஒரு பங்காகும்.