தெளிப்பான் மோட்டார் கருகுவது ஏன்?

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் சம்பா பயிரிடும் விவசாயிகள் பலர், இலைச் சுருட்டுப் புழு கண்டவிடத்து, 12 வோல்ட் பாட்டரியால் இயங்கும் முதுகுத் தெளிப்பானைக் கையாளுகிறார்கள். அதன் சிறு நேர்மின் மோட்டார் திடீரெனக் கருகிப்போவதுண்டு. உடனே பாட்டரியின்மீது பழி சுமத்துவது வழக்கம். பிழை பெரும்பாலும் வேறிடத்திலிருக்கும்.

மோட்டாரின் சுருள் காந்தங்களினிடையே சுழலுங்கால், டைனமோவைப் போலத் தானும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அது பாட்டரியின் அழுத்தத்தை எதிர்த்து நிற்பதால் எதிர் மின்னியக்கு விசை எனப்படும். வேகம் கூடினால் அதுவும் கூடும், குறைந்தால் குறையும்.

சுருளின் தடை அரை ஓம் என்று கொள்வோம். ஓடுகையில் எதிர்விசை 10½ வோல்ட்டாயின், மிஞ்சுவது 1½ வோல்ட்; பாய்வது 3 ஆம்பியர். பம்பில் மருந்துக் கசடு இறுகி மோட்டார் சுழலாது நின்றால், எதிர்விசை அறவே இல்லை. 12 வோல்ட்டும் சுருளின்மீதே விழ, 24 ஆம்பியர் பாயும். மின்னோட்டம் 8 மடங்கு. சூடோ 64 மடங்கு! தொடங்கும் கணத்திலும் இந்நிலையே, ஆனால் அது நொடிப்பொழுதே நீடிப்பதால் தீங்கில்லை.

ஆகையால், ஸ்விட்சைப் போட்டதும் சுழலும் ஓசை கேளாவிடில் உடனே நிறுத்திப் பம்பைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பியூஸ் எரிந்தவிடத்தில் செப்புக் கம்பியை முறுக்கி வைப்பது பெருந்தவறு. மோட்டாரைக் காக்கவே அது எரிந்தது. தூள் மருந்தைத் தனியே கரைத்து, வடிகட்டியே ஊற்றுக. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரைச் சற்று நேரம் ஓடவிடுக. அந்தக் கழுநீரை வாய்க்காலில் விடலாகாது.