விலைப்பட்டியல் பக்கத்தில் வழி தவறும் இணைப்புகள்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் வியாபாரிகளில் பலர் இன்று சரக்கு விவரத்தையும் விலையையும் வலைப்பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறோம். பக்கம் நீளமாக இருப்பதால், மேலே 'மாட்டுத்தோல் அப்பர்', 'ஆட்டுத்தோல் லைனிங்' என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். பெயரைத் தொட்டால் அதே பக்கத்தில் அந்தச் சரக்கு உள்ள இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். இதுதான் உள் இணைப்பு.

இதில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறோம். ஆக்ராவில் ஷூ தயாரிக்கும் ஒருவர் எங்கள் பக்கத்தில் ஆட்டுத்தோல் லைனிங்கைத் தொட்டு, வந்த விலையைப் பார்த்து 2,000 சதுர அடிக்கு ஆர்டர் அனுப்பினார். அவர் பார்த்தது மாட்டுத்தோல் லைனிங்கின் விலை. எங்கள் பக்கத்தில் இருந்த விலை என்பதால் அந்த விலைக்கே சரக்கை அனுப்பினோம். நஷ்டம் எங்களுடையது. பிறகுதான் காரணத்தைத் தேடினோம்.

இதன் வேலை கிடங்கு போலத்தான். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பெயர்ச்சீட்டு இருக்கிறது. அதற்கு 'ஐ.டி.' என்று பெயர். மேலே உள்ள இணைப்பில் # என்ற ஹேஷ் குறியும், அதை ஒட்டி அந்தச் சீட்டின் பெயரும் இருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் பையன் சரியான அடுக்குக்குப் போவான்.

கோளாறுகள் பெரும்பாலும் இவைதான்:

1. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருப்பது. பிரவுசர் முதலில் உள்ள இடத்துக்கே போகும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே. மாட்டுத்தோல் பகுதியை நகல் எடுத்து ஆட்டுத்தோல் பகுதியைத் தயாரித்தபோது, ஐ.டி.யை மாற்றவில்லை.

2. தலைப்பு மறைவது. மேலே அசையாமல் நிற்கும் பட்டை இருந்தால், தலைப்பு அதன் அடியில் போய்விடும். ஆக்ராக்காரருக்கு 'மாட்டுத்தோல்' என்ற தலைப்பு தெரியாமல் போனது இதனால்தான். 'ஸ்க்ரோல் மார்ஜின் டாப்' என்ற அமைப்பில் பட்டையின் உயரத்தைக் கொடுத்தால் சரியாகும்.

3. எழுத்துப் பிழை. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஐ.டி.யில் இடைவெளி கூடாது. ஹேஷ் குறி இணைப்பில் மட்டும் இருக்க வேண்டும், ஐ.டி.யில் கூடாது. இணைப்பில் அது விட்டுப்போனால் பிரவுசர் வேறு பக்கத்தைத் தேடிப் போய்விடும்.

4. தமிழில் ஐ.டி. வைப்பது. 'தோல்' என்பதில் உள்ள 'தோ'வை ஒரே குறியாகவும் தட்டலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு பெயர்கள். ஐ.டி.யை ஆங்கிலச் சிறிய எழுத்தில் வைப்பது நல்லது.

5. ஒரு பக்கம் மாற்றி மறுபக்கம் மறப்பது. 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு வந்தபோது, முகவரிப் பகுதியின் ஐ.டி.யையும் சேர்த்து மாற்றினோம். மேலே இருந்த இணைப்பு பழைய பெயரிலேயே நின்றது. 'தொடர்புக்கு' என்பதைத் தொட்டவர்களுக்குப் பக்கம் அசையவே இல்லை.

இங்கேதான் ஆபத்து. பக்கமே இல்லையென்றால் '404' என்று பிரவுசர் சொல்லும். உள் இணைப்பு கெட்டால் ஒன்றும் சொல்லாது. வாடிக்கையாளரும் நமக்குப் போன் செய்து சொல்லப் போவதில்லை. அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

சோதிப்பது எளிது. இணைப்பைத் தொட்டதும் முகவரிப் பட்டையின் கடைசியில் ஹேஷுக்குப் பின் வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியில் 'பேஜ் சோர்ஸ்' திறந்து அதே பெயரைத் தேடுங்கள். ஐ.டி. என்ற இடத்தில் அது ஒரே ஒரு முறை இருக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டு காணவில்லை. இரண்டு முறை வந்தால் சீட்டு இரட்டிப்பு. செல்போனிலும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

பக்கம் செய்து கொடுத்தவரையே நம்பியிருக்க வேண்டாம். விலை மாற்றும் ஒவ்வொரு நாளும் எல்லா இணைப்பையும் நாமே தொட்டுப் பார்ப்போம். பத்து நிமிட வேலைதான். கல்லாவை எண்ணாமல் கடையைப் பூட்டுகிறோமா?