துவக்கும் அதன் குறியும்

பள்ளி நாட்களில் வெள்ளிக்கிழமை மாலைகளிற் பிறெட்றிக் கோட்டையினூடாகக் கோணேசர் ஆலயத்துக்குச் சென்ற பழைய மாணவர்க்கு, அங்கு துருவேறிக் கிடந்த பீரங்கிகள் நினைவில் இருக்கும். அவற்றின் வாய்க்குட் கையை விட்டுத் துழாவிப் பார்த்த சிறுவர்களுள் யானும் ஒருவன். என் வகுப்புத் தோழர் ஒருவர் மற்றொருவர். உள்ளே வரியும் இல்லை, பள்ளமும் இல்லை, வெறுங் குழலே. 1782ஆம் ஆண்டில் நம் துறைமுகம் சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும், ஆகஸ்டு முடிவிற் பிரெஞ்சுத் தளபதி சவ்றன் கைக்கும் மாறியபோது, இரு தரத்துப் போர்வீரரும் ஏந்திய துவக்குகளுட் பெரும்பாலானவையும் அவ்வாறே வெறுங் குழலுடையன. எண்பது நூறு யாருக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைத்துச் சுடுவது அவற்றால் இயலாத காரியம். படை வரிசையை நோக்கிப் படை வரிசை சுட்டது, அவ்வளவே.

அத் தோழர் இப்பொழுது கனடாவில் வாழ்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் இல்லத்திற் சென்று தங்கியபோது, தாம் புதிதாய் வாங்கிய வாய்வழி மருந்திடும் றைபிள் ஒன்றைச் சோதிக்கச் சுடுதிடலுக்கு என்னை அழைத்துச் சென்றார். அன்று கண்டதையும், பௌதிகம் படிப்பித்தவன் என்ற முறையில் அதற்கு யான் அறிந்த காரணங்களையும் ஈண்டு எழுதுகின்றேன்.

இத் தோழர் ஏன் இவ்வளவு பொறுமையுடன் ஒரு துவக்கைச் சோதிக்கின்றார் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. இவருடைய தகப்பனார் தம்பலகாமத்தில் வயல் செய்தவர். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்ற வாய்வழித் துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் ஒரு போகத்தின்போது, கதிர் முற்றிய வயலில் இறங்கிய காட்டுப்பன்றியை அவர் நாற்பது அடி எட்டில் நின்று சுட்டார். நிலவு நன்றாக இருந்தது, கை நடுங்கவில்லை, ஆயினும் குண்டு பன்றியின் பின்தொடையிற் பட்டது. காயப்பட்ட விலங்கு வரம்பருகே நின்ற காவற்காரரின் காலைக் கிழித்துவிட்டு ஓடிற்று. அவர் உயிர் தப்பினார். நடை மாத்திரம் பழையபடி திரும்பவில்லை. “தம்பி, பிழை என்ர கையிலயோ துவக்கிலயோ எண்டு தெரியாமல் இனி இதைத் தொடமாட்டன்” என்று பெரியவர் கூறியதை நாங்கள் இருவரும் கேட்டோம்.

கையா துவக்கா என்ற அக் கேள்விக்கு விடை காண்பதே சுடுதிடலிற் செய்யப்படும் சோதனை. அதன் முதல் விதி, கையின் பிழையை இயன்றவரை நீக்கிவிடுதல். தோழர் தோளையும் மூச்சையும் நம்பவில்லை. கனத்த மேசையில் மணல் மூட்டைகளை அடுக்கி, துவக்கின் முன்மரத்தையும் பிடியையும் அவற்றின்மேற் கிடத்தினார். இரண்டாம் விதி, ஒவ்வொரு வெடியும் மற்றையதைப் போன்றே இருத்தல். தோட்டாத் துவக்கில் இதனைத் தொழிற்சாலை செய்து தருகின்றது. வாய்வழித் துவக்கிலோ சுடுபவனே தொழிற்சாலை. மருந்தின் அளவு, குண்டைச் சுற்றும் சீலையின் தடிப்பு, சீலையிற் பூசும் நெய், இடிகோலை அழுத்தும் வலு ஆகிய அனைத்தும் அவன் பொறுப்பு.

அவர் செய்த ஒழுங்கைக் கூறுகின்றேன். புதுக் குழலிலே துருப் பிடியாதிருக்கப் பூசியிருந்த எண்ணெயை முதலில் முற்றாகத் துடைத்தார். பின்பு மருந்தின்றித் தொப்பியை மட்டும் இரண்டு முறை வெடிக்கச் செய்து, தீ செல்லும் துளை திறந்திருக்கின்றதென உறுதி செய்தார். அதன் பின்னரே, கரிமருந்தை அளவுக் கிண்ணத்தில் 50 கிறெயின் எடுத்துக் குழலில் இட்டார். மருந்துக் குப்பியிலிருந்து நேரே குழலில் ஊற்றலாகாது; முன் வெடியின் கனல் ஒரு பொறி உள்ளே எஞ்சியிருப்பின் குப்பி முழுவதும் கையில் வெடிக்கும். புகையற்ற நவீன மருந்தை இத்தகைய குழலில் இடுவது உயிரோடு விளையாடுவதாகும். அதன் அமுக்கத்தைத் தாங்கும்படி இக் குழல்கள் செய்யப்படவில்லை.

மருந்தின்மேல், நெய் தோய்த்த சீலைத்துண்டிற் பொதிந்த ஈயக் குண்டை இடிகோலால் இறக்கி, மருந்தோடு நன்கு பொருந்தச் செய்தார். அப்பொழுது இடிகோலிற் குழல்வாய் மட்டத்தில் ஒரு கீறல் இட்டார். அக் கீறல் சிறிய காரியமன்று. குண்டு மருந்தைத் தொடாமல் இடைவெளி விட்டு நின்றால் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும். ஒன்றின்மேல் ஒன்றாக இருமுறை மருந்திட்டாலும் அவ்வாறே. கீறல் உயர்ந்து நின்றால் ஏதோ பிழையென்று உடனே தெரியும். 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேர்க் களத்திற் பொறுக்கிய 27,000க்கு மேற்பட்ட துவக்குகளிற் பெரும்பாலானவை மருந்திட்டபடியே கிடந்தன. பல்லாயிரத்தில் இரட்டை மருந்து. ஒன்றில் 23 மருந்து ஒன்றன்மேலொன்றாக இருந்தன என்பர். பயந்த மனிதன் தன் துவக்கு வெடித்ததா இல்லையா என்பதைக்கூட அறியான்.

அன்று ஒரு முறை தொப்பி வெடித்து மருந்து பற்றவில்லை. யான் எழுந்து பார்க்க முயன்றேன். தோழர் கையால் தடுத்தார். குழலை இலக்கை நோக்கியே வைத்து முழுதாக ஒரு நிமிடத்துக்கு மேற் பொறுத்திருந்த பின்னரே துவக்கைத் தொட்டார். தாமதித்துப் பற்றும் மருந்து உண்டு.

முதலில் 25 யாரில் இலக்கை வைத்து, குண்டு கடதாசியிற் படுகின்றதெனக் கண்டுகொண்டபின் 50 யாருக்குச் சென்றார். ஒரு வெடியைக் கண்டு குறியைத் திருத்துவது பேதைமை. ஐந்து வெடி வைத்து, ஐந்து துளைகளையும் ஒருங்கே நோக்கவேண்டும். அவ்வாறு நோக்கினால் இரு வேறு பிழைகள் தோன்றும். துளைகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஆனால் நடுவினின்றும் விலகியிருந்தால் அது குறியின் பிழை, திருத்தலாம். துளைகள் சிதறிக் கிடந்தால் அது மருந்தின் அல்லது சீலையின் அல்லது குழலின் பிழை. குறியை எவ்வளவு நகர்த்தினும் தீராது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவரே ஆயுள் முழுதும் தம் துவக்கை ஏசிக்கொண்டிருப்பர்.

தோழரின் முதல் ஐந்தும் சிதறின. சுட்ட சீலைத்துண்டுகளைப் புல்லிற் பொறுக்கிப் பார்த்தார், விளிம்புகள் கிழிந்திருந்தன. சற்றுத் தடித்த சீலைக்கு மாறினார். ஒவ்வொரு வெடிக்கும் பின் ஈரச் சீலையாற் குழலைத் துடைத்தார். பின்பு மருந்தை 60, 70 என உயர்த்தினார். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றினார். 70 கிறெயினில் ஐந்து துளைகளும் உள்ளங்கையளவுக்குள் அடங்கின. ஆனால் அவ்வுள்ளங்கை நடுப்புள்ளிக்கு 5 அங்குலம் இடமாகவும் 3 அங்குலம் கீழாகவும் இருந்தது.

இங்கே நாம் கற்ற கேத்திரகணிதம் உதவிற்று. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 30 அங்குலம். இலக்குக்கு 1,800 அங்குலம். இயல்பொத்த முக்கோணிகளின்படி பின்குறியை வலப்பக்கம் நகர்த்தவேண்டிய தூரம் 30ஐ 5ஆற் பெருக்கி 1,800ஆல் வகுக்க வருவது. அதாவது ஓர் அங்குலத்தின் பன்னிரண்டிலொரு பங்கு. குண்டு எப்பக்கம் செல்லவேண்டுமோ அப்பக்கம் பின்குறியை நகர்த்துக. முன்குறிக்கு இது நேர்மாறு. பித்தளைத் துண்டொன்றை வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினார். உயரத்துக்கு முன்குறியை அரத்தால் இருபதிலொரு பங்கு குறைக்கவேண்டும். புதுத் துவக்குகளில் முன்குறியை வேண்டுமென்றே உயர்த்தி வைப்பர். அராவலாம், ஒட்டவைக்க முடியாது. ஆதலின் பாதியளவே அராவி, மீண்டும் ஐந்து சுட்டுப் பார்த்து, எஞ்சியதைப் பின்பு அராவினார்.

பெரியவரின் துவக்குக்கு இவ் வைத்தியம் ஏன் பலிக்கவில்லை என்பதைச் சொல்வதற்கு, பெஞ்சமின் றொபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞரை நினைவுகூர வேண்டும். வெறுங் குழலில் ஓடும் உருண்டைக் குண்டு குழலின் ஏதோ ஒரு பக்கத்தில் உரசிச் சுழன்று வெளிப்படுகின்றது. அச் சுழற்சி ஒவ்வொரு வெடியிலும் வேறு. காற்று அதனை அச்சுழற்சிக்கேற்ப ஒரு புறமாகத் தள்ளுகின்றது. இதனை அவர் ஒரு வியத்தகு சோதனையாற் காட்டினார். துவக்குக் குழலின் முனையை இடப்பக்கமாக வளைத்து, மெல்லிய கடதாசித் திரைகளினூடே சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் சென்று, பின்பு வளைந்து வலப்பக்கம் திரும்பிற்று. குழலுள் திருகுபள்ளம் வெட்டினால் குண்டு செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். தாறுமாறான சுழற்சிக்கு இடமிராது. 1747இல் அவர் இதனை இலண்டன் வேத்தியற் கழகத்தில் விளக்கினார். திருகுபள்ளம் அதற்கு முன்னரே வேட்டைக்காரரிடம் இருந்ததுதான்; காரணம் கூறியவர் இவர். கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டைகளைச் சீரமைக்க 1750இல் தமிழ்நாட்டுக்கு வந்த இவர், மறு ஆண்டே கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையிற் காய்ச்சலால் இறந்தார். இங்கிலாந்தின் தலைசிறந்த கணித வல்லுநர்களுள் ஒருவர் தமிழ் மண்ணில் அடங்கியதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

மாலையிற் குழலைக் கழுவவே ஒரு மணி நேரம் ஆயிற்று. கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும். நம் துறைமுகத்து உப்புக்காற்றில் ஓரிரவில் துரு ஏறிவிடும். கொதிநீரே நன்று. (கன்னியா ஊற்றின் வெம்மை போதாது, புண்ணிய தீர்த்தத்துக்கு அத் தொழிலும் வேண்டாம்.)

கழுவிக்கொண்டே தோழர் தகப்பனாரின் சோதனையை நினைவூட்டினார். விபத்து நடந்த வாரமே பெரியவர் குளக்கட்டின் மண்மேட்டிற் கடதாசியைக் குத்தி, நெல்மூட்டைமேல் துவக்கைக் கிடத்தி, அதே நாற்பது அடியில் ஆறு வெடி வைத்தார். துளைகள் ஒரு சுளகளவுக்குச் சிதறியிருந்தன. அத் துவக்கில் முன்முனையில் ஒரு மணியைத் தவிர வேறு குறியில்லை, நகர்த்தவும் ஒன்றுமில்லை. கடதாசியைப் பதினைந்து அடிக்குக் கொண்டுவந்து மறுபடியும் ஆறு சுட்டார். அவை ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடத்தக்கதாய் இருந்தன. அதன் பின், பதினைந்து அடிக்குள் வராத பன்றியை அவர் தீப்பந்தம் காட்டித் துரத்தினாரேயன்றிச் சுட்டதில்லை. சில போகங்களில் அரைக்காணி நெல்லை அதனால் இழந்தார். காவற்காரரின் வீட்டுக்கு ஒவ்வோர் அறுவடையிலும் இரண்டு மூட்டை நெல் போயிற்று.