மலை வீட்டிடம் பாடம் கேட்ட வெள்ளைக்காரர்

கள்ளக்குறிச்சியில் வாங்கிய ஒரு மூட்டை சிமெண்ட், கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டிச் சத்தமும் சேர்ந்து விலை கூடிவிடுகிறது. அங்கிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூருக்குப் போகவேண்டுமானால் தனியாகத் தூக்குகூலி. கம்பிக்கும் மணலுக்கும் அதே கதிதான். காலடியில் கிடக்கும் மண்ணுக்கும் கல்லுக்கும் மட்டும் சத்தம் கிடையாது!

இந்தக் கணக்கைப் போட்டே வாழ்நாளைக் கழித்தவர் ஓர் ஆங்கிலேயர். கட்டடக் கலைஞர். பெயர் லாரி பேக்கர். பெயரில்தான் லாரி, லாரியில் வந்து இறங்கும் சரக்கின்மேல் அவருக்கு நம்பிக்கை குறைவு.

1917-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அந்த ஊரிலேயே கட்டடக் கலை படித்து 1937-இல் பட்டம் பெற்றார். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். துப்பாக்கி தூக்குவது அந்தப் பிரிவினருக்கு ஆகாது. ஆகவே, உலக யுத்தம் மூண்டபோது மருத்துவத் தொண்டர் படையில் சேர்ந்து சீனா போனார். போன இடத்தில் தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்.

ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. சில மாதக் காத்திருப்பு. அப்போதுதான் காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் அணிந்திருந்தவை கந்தல் துணியால் தாமே தைத்த செருப்புகள். அவை காந்தியின் கண்ணில் பட்டுவிட்டன! பேச்சு வளர்ந்தது. வீடு கட்டும் பொருள்கள் அந்த இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைப்பவையாக இருக்கவேண்டும் என்பது காந்தியின் கருத்து. பேக்கர் அதை மறக்கவே இல்லை.

இமயம் கற்பித்த பாடம்

1945-இல் திரும்பவும் இந்தியா வந்தார். இந்தமுறை தொழுநோய் மிஷனின் கட்டடக் கலைஞராக. பழைய தொழுநோய் விடுதிகளை ஆஸ்பத்திரிகளாக மாற்றும் வேலை. வந்த பிறகுதான் தெரிந்தது, பர்மிங்காம் படிப்பு இங்கே பாதிக்கு மேல் பயன்படாது என்று. கரையானை எப்படித் தடுப்பது? கொட்டும் மழையில் மண் சுவர் எப்படி நிற்கிறது? சாணத்தை எதற்காகப் பூசுகிறார்கள்? பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. கிராமத்துக் கொத்தனாரிடம் இருந்தது.

1948-இல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். தேனிலவுக்கென்று தம்பதிகள் போன இடம் இமயமலையில் பித்தோராகர். டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் மலைவாசிகள் நோயாளிகளோடு வந்துவிட்டார்கள். தேனிலவுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. சுமார் பதினைந்து ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்கள்! மனைவி வைத்தியம் பார்த்தார். ஆஸ்பத்திரியைக் கட்டியவரும் அதில் மனைவிக்குக் கைகொடுத்தவரும் கணவர்தான்.

அந்த மலை மக்களின் வீடுகள் கல், மண், மரம் ஆகியவற்றால் ஆனவை. குளிருக்கும் மழைக்கும் ஏற்றவை. எந்தக் கல்லூரியும் சொல்லித்தராத அறிவு அதில் இருப்பதைப் பேக்கர் கண்டுகொண்டார். சன்னல் ஏன் இத்தனை சிறியது, கூரை ஏன் இவ்வளவு சரிவு என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

திருவனந்தபுரத்தில் செங்கல் சித்து

1963-இல் கேரளத்தில் வாகமண் மலைக்கு வந்தார்கள், பிறகு திருவனந்தபுரம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் பேக்கரின் பெயர் நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் அச்சுத மேனன் அவரை ஆதரித்தார். உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டும் பொறுப்பு வந்தது. மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார். தம்பானூரில் இவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ், சுருள் சுருளாக மேலே ஏறும் ஒரு செங்கல் கோபுரம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் காபிக்காகப் போகிறார்களோ கட்டடத்துக்காகப் போகிறார்களோ!

அவருடைய உத்திகளில் மந்திரம் ஏதும் இல்லை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார். சுவருக்குள் காலி இடம் விழும். செங்கல் சுமார் கால் பங்கு மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். இதற்கு 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். தளம் போடும்போது, கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளை வைத்துவிடுவார். அந்த இடத்தில் கான்கிரீட்டுக்கு வேலையே இல்லை. பின் ஏன் காசைக் கொட்டவேண்டும்? பூச்சு வேண்டாம் என்றார். சன்னலுக்குப் பதில் பல இடங்களில் செங்கல் சல்லடை போதும் என்றார். வரைபடம் போடுவது பழைய உறைகளின் பின்பக்கத்தில். பக்கத்திலேயே நின்று கொத்தனாருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

எல்லோரும் புகழ்ந்துவிடவில்லை. சல்லடை வழியே கொசு வருகிறதென்றார்கள். பூசாத சுவர் ஏழை வீடு போல் இருக்கிறதென்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இந்தக் கடைசிக் குறை சாதாரணமானதல்ல. வசதியுள்ளவர் செங்கல் தெரிய வீடு கட்டினால் அது ரசனை. ஏழை கட்டினால் பணம் போதவில்லை என்பார்கள். பேக்கரால் இதைத் தீர்க்க முடிந்ததாகச் சொல்ல முடியாது.

கல்வராயனில் என்ன?

சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்களாக இருந்த மலை இது. 1976-இல்தான் அரசு கைக்கு வந்தது. இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வீடு மண் சுவர், புல் கூரை. கோடையில் குளுமை, பனியில் கதகதப்பு. ஆனால் கூரையை அடிக்கடி மாற்றவேண்டும். ஒரு தீப்பொறி போதும், சேர்த்து வைத்த சாமையும் கடுக்காயும் சாம்பல். கான்கிரீட் வீடு வேண்டும் என்று மலை மக்கள் கேட்பதை எவரும் பேராசை என்று சொல்லக்கூடாது.

2024-இல் தமிழக அரசு அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி, தொகை 3½ லட்ச ரூபாய். சமவெளியில் சின்னசேலத்துக்காரருக்கும் மலைமேல் இருப்பவருக்கும் இதே அளவு வீடுதான். வண்டிச் சத்தமோ மலைமேல் இருப்பவருக்கு அதிகம். 360-இல் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போடவேண்டும். பேக்கர் முறை உதவக்கூடிய இடம் இதுவே. தளத்தில் ஓடு பதித்தால் கான்கிரீட்டும் குறையும், இரும்பும் குறையும், மேலே ஏற்றவேண்டிய சுமையும் குறையும். சுவருக்கு மலைக் கல்லும் மண்ணும் இருக்கின்றன. வேண்டியது, எஞ்சினீயரின் சம்மதமும் இந்த வேலை பழகிய கொத்தனாரும்.

அந்தப் பயிற்சிக்காகத்தான் பேக்கரும் அச்சுத மேனனும் பொருளாதார நிபுணர் கே. என். ராஜும் 1985-இல் 'காஸ்ட்ஃபோர்டு' என்ற அமைப்பைத் திருச்சூரில் தொடங்கினார்கள். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார் பேக்கர். இந்தியப் பிரஜையாகவே வாழ்ந்து, 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி, 90-வது வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுகிறவர்கள், பழைய மங்களூர் ஓடுகளைக் கழிவென்று ஒதுக்கிவிடுகிறார்கள். உடைந்த ஓடானாலும் பேக்கரின் தளத்துக்கு அது போதும்.