தூக்கத்தில் தேயும் பற்களும் இரவுக் கவசமும்

ஊர் அடங்கிய பின் சில வீடுகளில் நறநறவென்று ஓர் ஒலி கேட்பதுண்டு. உறங்குகிறவர் பல்லைக் கடிக்கிறார். அவருக்கு அது தெரியாது. அருகில் படுத்திருப்பவரே விழித்துக் கொள்கிறார். காலையில் சொன்னால், “நானா கடித்தேன்?” என்று சிரித்து விடுகிறார். நம் அங்கத்தினர்களில் பலர், தறியில் அமர்வோரும் தோட்டத்தில் பாடுபடுவோரும், இதனை அற்ப விஷயமென்று தள்ளி விடுகிறார்கள். பின்னர் வறுத்த கடலையைக் கூடக் கடிக்க இயலாமல் பல் வைத்தியரைத் தேடும்பொழுது, இழந்ததை மீட்க வழியில்லாமல் போகிறது. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாக எழுதலானோம்.

பல்லின் மேற்பூச்சாக அமைந்த எனாமல்தான் மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் நூற்றுக்குச் சுமார் 96 பங்கு தாதுப் பொருளே. ஆனால் கடைவாய்ப் பல்லின் முகட்டில் கூட அதன் கனம் ஏறக்குறைய 2 அல்லது 2½ மில்லிமீட்டர்தான். முறிந்த எலும்பு கூடுகிறது, கிழிந்த தோல் மூடுகிறது. தேய்ந்த எனாமலோ மறுபடி வளர்வதே இல்லை. அதனை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும் தருணத்திலேயே மறைந்து விடுகின்றன. அதன் அடியிலுள்ள டென்டைன் மஞ்சள் நிறமானது, எனாமலைவிட மிருதுவானது. அது வெளிப்பட்டால் குளிர்ந்த நீர் பட்டாலும் பல் கூசும், தேய்மானமும் விரைவுபடும்.

பகலில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுவது மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே. மற்ற நேரத்தில் உதடுகள் மூடியிருந்தாலும் பற்கள் விலகியே இருக்க வேண்டும். இரவில் கடிப்பவருக்கோ இடையில் உணவு ஏதுமின்றிப் பல்லோடு பல் உராய்கிறது. எழுந்தவுடன் தாடை களைத்திருத்தல், நெற்றிப் பொட்டில் வலி, முன்பற்களின் நுனிகள் அரத்தால் ராவியதுபோல் ஒரே மட்டமாதல், அடைத்த சிமெண்டு அடிக்கடி பெயர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

வயிற்றில் பூச்சி இருந்தால் பிள்ளைகள் பல்லைக் கடிப்பார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. பூச்சி மருந்து கொடுப்பது வேறு காரணத்துக்கு நல்லதே. ஆனால் பல் கடித்தலுக்குக் காரணம் பூச்சிதான் என்று உறுதிப்படவில்லை. பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வயது ஏற ஏற இது தானே குறைந்து விடுகிறது. தாடை வளரும் பருவமாதலால் அவர்களுக்குக் கவசம் செய்வதும் வழக்கமன்று. வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு இப்பழக்கம் உண்டென்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2018-ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட கருத்தின்படி, மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவரிடம் இது ஒரு நோயன்று. தூக்கத்தில் நிகழும் தாடைத் தசைகளின் செயலே. எனவே வெட்கப்பட ஏதுமில்லை. மனக்கவலை, மதுபானம், புகையிலை, அளவுக்கு மீறிய காப்பி, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவை இதனை அதிகப்படுத்தக் கூடும். நூல் விலை ஏறிய மாதமும், திராட்சை கனிந்த வேளையில் மழை பிடித்துக்கொண்ட வாரமும் மனத்தை எவ்வளவு அரிக்கும் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கவசத்துக்கு வருவோம். ‘நைட் கார்டு’ என்று பல் வைத்தியர்கள் சொல்லும் இது, வண்டி மாட்டுக்கு அடிக்கும் லாடம் போன்றது. லாடம் மாட்டின் நடையை நிறுத்துவதில்லை. சாலையில் தேய வேண்டியதைத் தான் தேய்ந்து குளம்பைக் காக்கிறது. கவசமும் பல் கடித்தலை நிறுத்தி விடாது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும். குளம்பாவது பிறகு வளரும், பல் வளராது என்பதனால் இங்கே தேவை இன்னும் அதிகம். அணிந்த பிறகும் கடிப்பது நிற்கவில்லையே என்று சிலர் ஒரே வாரத்தில் அதனைப் பெட்டியில் போட்டு விடுகிறார்கள். இது தவறான எதிர்பார்ப்பு.

லாடம் அந்தந்த மாட்டின் குளம்புக்குப் பொருந்த அடிக்கப்படுவதுபோல், கவசமும் அவரவர் வாய்க்கு அளவெடுத்தே செய்யப்பட வேண்டும். வைத்தியர் ஒரு தட்டில் குழைத்த ஆல்ஜினேட்டை வைத்துப் பல்வரிசையில் அழுத்துவார். சில நிமிஷங்களில் அது இறுகி அச்சாகி விடும். இந்த ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. துணியில் அச்சிடும் சாயக் குழம்பைக் கெட்டிப்படுத்தவும் இதே இனச் சரக்கைச் சேர்ப்பதால் நம் நெசவாளர் சிலருக்குப் பெயர் பழக்கமாயிருக்கும். அந்த அச்சில் ஜிப்சம் சாந்தை வார்த்துப் பல்வரிசையின் பிரதி எடுக்கிறார்கள். அதன்மேல் கெட்டியான அக்ரிலிக்கில், பெரும்பாலும் மேற்பற்களுக்கு, கவசம் அமைகிறது. வேலையின் நயம் இதன் பிறகுதான். மெல்லிய வண்ணத் தாளைக் கடிக்கச் செய்து, எங்கே அழுத்தம் கூடுதலென்று கண்டு, அவ்விடத்தை ராவி, கீழ்ப்பற்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சமமாகப் படும்படி செய்ய வேண்டும். ஒரு பல் மட்டும் முதலில் பட்டால் பாரம் முழுவதும் அதன் தலையில் விழும். ஓரிரு வாரத்தில் மறுபடி சென்று சரிபார்த்துக் கொள்வதும் அவசியம்.

வெந்நீரில் போட்டுக் கடித்து அமைத்துக்கொள்ளும் ரப்பர் போன்ற கவசங்கள் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை மெத்தென்று இருப்பதால் சிலர் முன்னைவிட அதிகமாகவே மெல்லத் தொடங்குகிறார்கள். விரைவில் கிழிந்தும் போகின்றன. அந்த மலிவு நமக்கு வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம்.

உரத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், பகலில் ஓயாத தூக்கக் கலக்கமும் உள்ளவர் கவசம் செய்து கொள்ளுமுன் அதனை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அத்தகையோர் சிலருக்கு மேற்பல் கவசம் மூச்சுத் தடையை அதிகப்படுத்தக் கூடும்.

பகலில் நாமே செய்யும் சேதமும் உண்டு. ஆண்டிபட்டி சக்கம்பட்டிப் பக்கத்து நெசவாளர்கள் அறுந்த இழையை முடிந்ததும் மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துண்டிப்பதை விட்டு, கத்தரியைத் தறிக்கருகில் தொங்கவிட வேண்டும். கம்பம், சுருளிப்பட்டி விவசாயிகள் பதம் பார்க்கப் புளிப்புத் திராட்சையைச் சுவைத்தவுடன் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். புளிப்பு எனாமலை இளக்கும். உடனே பல் துலக்காமல் அரை மணி பொறுப்பது நலம்.

க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பெரியகுளம் அரசு மருத்துவமனையிலோ முதலில் பல்லைக் காட்டிக் கேட்டறியலாம். மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. தனி வைத்தியரிடம் செல்வோர் தொகையை முன்னதாகவே கேட்டுக் கொள்க. அவர் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்று பார்ப்பதும் முக்கியம். சந்தையில் கடை விரித்துப் பல் கட்டுவோரிடம் இவ்வேலை ஆகாது.

காலையில் கவசத்தைக் கழற்றிக் குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவிச் சிறு பெட்டியில் வைக்கவும். வெந்நீர் பட்டாலும், வெயிலில் கிடந்தாலும் உருமாறி விடும். அதன் பரப்பில் பளபளப்பான தேய்ந்த தடங்கள் தோன்றினால் அஞ்ச வேண்டாம். அவை உங்கள் பல்லில் விழாமல் தப்பியவை. விரிசலோ ஓட்டையோ விழுந்தால் புதிதாகச் செய்துகொள்க. அப்போது பழையதையும் வைத்தியரிடம் கொண்டு செல்லவும். எவ்விடத்தில் எவ்வளவு கடிக்கிறீர்கள் என்பதை அதுவே அவருக்குக் காட்டும்.